சுமாரான எட்டுக் கதைகள்: ஒரு பேய்க்கதைத் தொகுப்பின் பயணம்

1812-இல் பாரிஸில் இரண்டு தொகுதிகளாக ஒரு பேய்க்கதைப் புத்தகம் வெளிவந்தது. ஃபான்டாஸ்மகோரியானா என்று பெயர். எட்டுக் கதைகள், எல்லாமே ஜெர்மனிலிருந்து பிரெஞ்சுக்கு வந்தவை. முகப்புப் பக்கத்தில் கதாசிரியர்களின் பெயர் கிடையாது. மொழிபெயர்த்தவர் பெயரும் இல்லை. ‘ஓர் ஆர்வலர்’ என்று மட்டும் போட்டிருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, ஜெனீவா ஏரிக்கரையில் மழையால் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த ஐந்து பேரின் கையில் இந்தப் புத்தகம் சிக்கியது. அந்தச் சில நாட்களில்தான் ஃபிராங்கன்ஸ்டைன் நாவலுக்கு வித்து விழுந்தது. டிராகுலாவுக்கெல்லாம் மூத்தவனான ரூத்வன் பிரபு என்ற ரத்தக்காட்டேரிக்கும் அங்கேதான் வழி பிறந்தது.

இலக்கிய வரலாற்றில் இது சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சம்பவம். சொல்பவர்கள் எல்லோரும் இடியையும் மின்னலையும் கவிஞர் பைரனின் நொண்டிக் காலையும் விவரிப்பார்கள். அன்று படிக்கப்பட்ட புத்தகத்துக்கு ஒரு வரி ஒதுக்குவார்கள், அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படிப்பவருக்கு ஒருவகையில் ஏமாற்றம் காத்திருக்கிறது. எட்டில் ஒன்றைக்கூட மகத்தான கதை என்று சொல்ல முடியாது. சில நன்றாகவே இருக்கின்றன, சில இழுவை, ஒன்றிரண்டு சிரிப்பை வரவழைக்கின்றன. இப்படிப்பட்ட புத்தகத்திலிருந்து அப்படிப்பட்ட விளைவு எப்படி வந்தது என்று ஆச்சரியப்படுவது வழக்கம். எனக்கென்னவோ, அது சுமாரான புத்தகமாக இருந்ததால்தான் காரியம் நடந்தது என்று தோன்றுகிறது.

பெயரை மறைத்துக்கொண்ட அந்த ஆர்வலர் ஜான் பாப்டிஸ்ட் பெனுவா எய்ரியே. பேய் வியாபாரம் செய்பவர் அல்ல, புவியியல்காரர். அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட்டின் இயற்கைச் சித்திரங்களை 1808-இல் பிரெஞ்சில் கொண்டுவந்தவர் இவர்தான். 1821-இல் பாரிஸில் புவியியல் சங்கம் தொடங்கியபோது நிறுவியவர்களில் ஒருவராகவும் இருந்தார். கடற்பயணங்களையும் தொலைதேசங்களையும் பற்றிய நூல்களையே ஆயுள் முழுக்க மொழிபெயர்த்துவந்த ஒருவர், இடையில் எட்டுப் பேய்க்கதைகளை எடுத்துக் கையாண்டு, பெயர் போடாமல் நழுவியிருக்கிறார். அவர் வைத்த தலைப்பும் நூலகத்திலிருந்து வந்ததல்ல, பொழுதுபோக்குக் கொட்டகையிலிருந்து வந்தது. 1790-களின் கடைசியில் லீஜ் நகரத்துக்காரரான ராபர்ட்சன் பாரிஸில் மாயவிளக்குக் காட்சிகள் நடத்தினார். கைவிடப்பட்ட கப்புச்சின் மடத்தில், இருட்டில், திரைக்குப் பின்னால் சக்கரம் வைத்த விளக்கை முன்னும் பின்னும் தள்ளுவார்கள். திரையில் புள்ளியாகத் தெரிந்த உருவம் கிடுகிடுவென்று வளர்ந்து பார்ப்பவர்கள் மேல் பாய்வதுபோல வரும். ஃபான்டாஸ்மகோரி என்று அழைக்கப்பட்ட அந்தக் காட்சியைப் பார்த்துக் கூச்சல் போட்டவர்களுக்கும் அது விளக்குதான் என்று தெரியும். எய்ரியே எதிர்பார்த்த வாசகரும் அதே ஆள்தான்: நம்பவில்லை, ஆனாலும் பயப்படத் தயார்.

கதைகள் எங்கிருந்து வந்தன? பெரும்பகுதி ஆப்பெல், லாவுன் என்ற இரண்டு ஜெர்மானியர்களின் சரக்கு. யோகான் ஆகுஸ்ட் ஆப்பெல் லைப்சிக் நகரத்து வழக்கறிஞர், கவிஞர். ஃபிரீட்ரிஷ் லாவுன் என்பது புனைபெயர். இயற்பெயர் ஃபிரீட்ரிஷ் ஆகுஸ்ட் ஷுல்ட்ஸே, ஜனரஞ்சகமாக எழுதிக் குவித்தவர். இருவரும் சேர்ந்து 1810 முதல் ‘பேய்ப் புத்தகம்’ என்ற பெயரில் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவந்தார்கள். அதன் முதல் தொகுதியின் முதல் கதைதான் பின்னால் வேபரின் இசைநாடகமாகி 1821-இல் பெர்லினைக் கலக்கிய ‘டெர் ஃபிரைஷூட்ஸ்’. எய்ரியே அந்தக் கதையை எடுத்துக்கொள்ளவில்லை. தொகுப்பாளர்களின் மூக்கு எப்போதும் சரியாக மோப்பம் பிடிப்பதில்லை! மிச்சத்துக்கு அவர் வேறு இடங்களில் கைவைத்தார். ஒரு கதை முசேயுஸ் 1780-களில் எழுதிய நாட்டார் கதைத் தொகுதியிலிருந்து. இன்னொன்று க்ளாவுரன் என்பவர் பத்திரிகையில் எழுதியது. ஆக, எட்டுக் கதைகளுக்கு நான்கு ஆசிரியர்கள். பேயைப் பற்றி அவர்களுக்குள் நாலுவிதமான அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயபேதத்தைப் புத்தகத்தின் முதல் கதையிலேயே பார்த்துவிடலாம். முசேயுஸின் கதைநாயகன் ஃபிரான்ஸ், பிரெமன் நகரத்து வியாபாரியின் மகன். அப்பன் சொத்தை ஊதித் தீர்த்தவன். எதிர்வீட்டில் நூல் நூற்றுப் பிழைக்கும் குடும்பத்துப் பெண்ணைக் காதலிக்கிறான். கடன் வசூலுக்காக ஊர் ஊராகத் திரியும்போது ஒரு பாழடைந்த கோட்டையில் இரவு தங்க நேர்கிறது. நடுநிசியில் கதவு திறக்கிறது. வருவது சவரப் பெட்டியோடு ஒரு பேய். அது ஒரு வார்த்தை பேசுவதில்லை. கத்தியைத் தீட்டுகிறது, உட்காரச் சொல்லிச் சைகை காட்டுகிறது, துண்டைப் போர்த்துகிறது. தாடி, தலைமுடி, புருவம் வரை எல்லாவற்றையும் சுத்தமாக மழித்துவிட்டுத் திரும்புகிறது. வாசல் வரை போய், எதையோ எதிர்பார்ப்பதுபோல நிற்கிறது. மொட்டைத் தலையோடு நடுங்கிக்கொண்டிருக்கும் ஃபிரான்ஸுக்கு அப்போதுதான் பொறி தட்டுகிறது. பேயை நாற்காலியில் உட்காரவைத்து, அது தனக்குச் செய்ததையே அதற்கும் செய்கிறான். பேய்க்கு வாய் திறக்கிறது. உயிரோடு இருந்தபோது எஜமானின் வேடிக்கைக்காக வழிப்போக்கர்களை மழித்து அவமானப்படுத்திய நாவிதன் அது. யாராவது தானாக முன்வந்து அதே சேவையை அதற்குச் செய்யும்வரை விமோசனம் இல்லை என்பது சாபம். நன்றிக்கடனாகப் புதையலுக்கு வழி சொல்லிவிட்டு மறைகிறது.

பயங்கரக் கதைகளின் தொகுப்பை இந்தக் கதையை வைத்துத் தொடங்குவதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் அது செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்த வாசகர் அடுத்த கதையிலும் சிரிக்கத் தயாராக இருப்பார். ஆப்பெலின் ‘குடும்பச் சித்திரங்கள்’ அந்தச் சிரிப்பைப் பிடுங்கிக்கொள்கிறது. ஒரு வம்சத்தின் மூதாதை செய்த பாவம், இரவில் உருவமாக வந்து குழந்தைகளின் படுக்கை மேல் குனிந்து முத்தமிடுகிறது. முத்தம் வாங்கிய பிள்ளைகள் பிழைப்பதில்லை. லாவுனின் ‘மண்டையோடு’ வேறு ரகம். கயிற்றில் நடந்தும் வயிற்றுக்குள்ளிருந்து குரல் கொடுத்தும் பிழைக்கும் கூத்தாடி ஒருவன், மண்டையோட்டோடு பேசுவதாக வித்தை காட்ட ஏற்பாடு செய்கிறான். கல்லறையிலிருந்து எடுத்துவந்த மண்டையோடு அவன் அப்பனுடையது. ‘சாவு மணப்பெண்’ணில், நம்பிய பெண்ணைக் கைவிட்டவன் மணநாளில் செத்தவளின் கையில் சிக்குகிறான். புத்தகத்தின் கடைசியில் இரண்டு அறைகள். க்ளாவுரனின் ‘சாம்பல் அறை’ பேய் உலவும் அறையில் இளைஞன் ஒருவன் கழித்த இரவைச் சொல்கிறது. அதற்கு அடுத்தாற்போல் இருக்கும் ஆப்பெலின் ‘கறுப்பு அறை’ அந்தக் கதையையே சீண்டும் நையாண்டி. ஒரே அட்டைக்குள் ஒரு ஆசிரியர் இன்னொருவரைப் பார்த்து, போதும் ஐயா உங்கள் பேய், என்கிறார்.

தனி எழுத்தாளரின் தொகுதியில் இது நடக்காது. ஒருவரே எழுதிய பத்துப் பேய்க்கதைகளைப் படித்தால் மூன்றாவது கதைக்குள் அவருடைய சட்டதிட்டங்கள் பிடிபட்டுவிடும்: இவருடைய பேய் கொல்லும், அல்லது கொல்லாது, கடைசிப் பக்கத்தில் விளக்கம் வரும், அல்லது வராது. பலர் எழுதிய தொகுப்பில் ஒவ்வொரு கதை முடியும்போதும் சட்டம் ரத்தாகிறது. அடுத்த கதையில் வருவது நாவிதனா, குழந்தையைக் கொல்லும் கிழவனா, வெறும் குறும்பா என்று முன்கூட்டித் தெரியாது. திகில் இலக்கியம் நாவலைவிடத் தொகுப்பில் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி 1816 ஜூன். முந்தைய ஆண்டு ஏப்ரலில் சும்பாவா தீவின் தம்போரா எரிமலை வெடித்துத் தள்ளிய தூசி வானத்தை மூடியிருந்தது; ஐரோப்பாவில் அந்த ஆண்டு கோடையே வரவில்லை. கொலோனி கிராமத்தில் வில்லா டியோடாட்டி என்ற மாளிகையை பைரன் வாடகைக்கு எடுத்திருந்தார். கூடவே அவருடைய மருத்துவர் ஜான் பாலிடோரி, வயது 20. பக்கத்தில் வேறொரு வீட்டில் கவிஞர் ஷெல்லி, பின்னாளில் ஃபிராங்கன்ஸ்டைனை எழுதிய மேரி காட்வின், மேரியின் மாற்றாந்தாய் மகள் கிளேர். மேரிக்கு அப்போது வயது 18. ஷெல்லியோடு திருமணம் இன்னும் ஆகவில்லை. மாலையில் எல்லோரும் பைரன் வீட்டில் கூடுவார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை எழுத வேண்டும் என்று பைரன் முன்மொழிந்ததாக மேரி பின்னாளில் எழுதினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘குடும்பச் சித்திரங்கள்’ கதை எப்படித் தொடங்குகிறது? ஓர் இளைஞன் கிராமத்து வீடு ஒன்றில் நுழைகிறான். அங்கே கூடியிருப்பவர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை சொல்வது என்று அப்போதுதான் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். டியோடாட்டியின் புகழ்பெற்ற போட்டி பைரனின் மூளையில் திடீரென்று உதித்தது என்பதைவிட, கையிலிருந்த புத்தகத்திலேயே அதன் விதிமுறை எழுதியிருந்தது என்பதே பொருத்தமாகப் படுகிறது. கதைக்குள் இருந்தவர்கள் ஆடிய ஆட்டத்தைப் படித்தவர்களும் ஆடிப் பார்த்தார்கள். ஃபிராங்கன்ஸ்டைனின் 1818 முதற்பதிப்புக்கு, நாவலாசிரியரே பேசுவதுபோல முன்னுரை எழுதியவர் ஷெல்லி. ஜெர்மானியப் பேய்க்கதைகள் கையில் கிடைத்ததையும், அதேபோல் தாங்களும் விளையாட்டாக எழுதிப் பார்க்க ஆசைப்பட்டதையும் அவர் அதில் தெளிவாகவே சொல்கிறார்.

மேரி விரிவாகச் சொன்னது 1831 பதிப்பின் முன்னுரையில், அதாவது பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு. அந்தப் புத்தகத்தை அதன்பின் பார்க்கவே இல்லை என்றும், இருந்தாலும் நேற்றுப் படித்ததுபோல நினைவிருக்கிறது என்றும் சொல்லி இரண்டு கதைகளை நினைவுகூர்கிறார். ஒன்று காதலியைக் கைவிட்டவனின் கதை, மற்றது பிள்ளைகளை முத்தமிட்டுக் கொல்லும் மூதாதையின் கதை. சாரம் சரி, விவரங்கள் அச்சிலிருக்கும் கதைகளோடு முழுக்கப் பொருந்துவதில்லை. மூதாதைக்கு ஹாம்லெட்டின் அப்பனைப்போலக் கவசம் மாட்டிவிடுகிறார் மேரி. வேறொரு முரண்பாடும் உண்டு. தனக்குப் பல நாள் கதையே தோன்றவில்லை, காலையில் எல்லோரும் கேட்கும்போது இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது என்கிறார். பாலிடோரியின் நாட்குறிப்போ ஜூன் 17 அன்று, தன்னைத் தவிர எல்லோரும் கதையைத் தொடங்கிவிட்டார்கள் என்கிறது. பாலிடோரி மண்டையோட்டுத் தலை கொண்ட ஒரு பெண்ணைப் பற்றி ஏதோ எழுத முயன்றார் என்றும் மேரி சொல்கிறார். பாலிடோரி எழுதியதாகத் தெரியும் கதைகளில் அப்படி ஒரு பெண் இல்லை. எய்ரியேயின் மூன்றாவது கதையின் மண்டையோடு மேரியின் நினைவில் உருண்டுவந்து பாலிடோரியின் மேல் விழுந்துவிட்டதோ என்பது என் ஊகம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

நாட்குறிப்பில் மறுநாள், ஜூன் 18, இன்னும் சுவாரசியமானது. நள்ளிரவில் பேச்சு பேய் பக்கம் திரும்பியிருக்கிறது. பைரன், கோல்ரிட்ஜின் ‘கிறிஸ்டபெல்’ கவிதையிலிருந்து சில வரிகளை ஓதினார். அந்தக் கவிதை அப்போதுதான் அச்சாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஷெல்லி திடீரென்று அலறி, தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். மருத்துவரான பாலிடோரி முகத்தில் தண்ணீர் தெளித்து ஈதர் கொடுத்துத் தெளியவைத்தார். மார்பில் கண்கள் உள்ள ஒரு பெண்ணை மனக்கண்ணில் கண்டதாக ஷெல்லி சொன்னாராம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு பக்கம் ஆங்கிலக் கவிதையின் உச்சங்களில் ஒன்று; அது அந்த அறையில் உண்டாக்கியது ஒரு கூச்சல், ஒரு மயக்கம். இன்னொரு பக்கம் பிரெஞ்சு வழியாக வந்த சாதாரணக் கதைகள். அவை பேனாவை எடுக்கவைத்தன. கோல்ரிட்ஜைக் கேட்டவனுக்கு நடுக்கம் வரும், ‘நானும் இப்படி எழுதுகிறேன் பார்’ என்ற எண்ணம் வராது. லாவுனைப் படித்தவனுக்கு வரும். கதையின் எலும்பு நன்றாக இருக்கிறது, சதை சரியில்லை, நாம் போட்டால் இன்னும் நன்றாகப் போடலாம் என்று தோன்றும். நம்மூரில் சுமாரான சினிமாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து கதையைத் திருத்திச் சொல்லும் கூட்டத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மேரி எடுத்துக்கொண்ட எலும்புகள் எவை என்பதை நாவலிலேயே காணலாம். தான் உருவாக்கிய உடல் கண் திறந்ததும் விக்டர் ஓடிப்போய்ப் படுக்கிறான். கனவில் அவன் மணக்கவிருக்கும் எலிசபெத் எதிரே வருகிறாள். அணைத்து முத்தமிடுகிறான், உதடுகள் சாவின் நிறத்துக்கு மாறுகின்றன, கையில் இருப்பது இறந்துபோன தாயின் உடல், சவத்துணி மடிப்புகளில் புழுக்கள். விழித்தால், நிலவொளியில் படுக்கைத் திரையை விலக்கிக்கொண்டு அந்த உருவம் குனிந்து பார்க்கிறது. அணைப்பில் பெண் பிணமாவது ‘சாவு மணப்பெண்’. தூங்குபவன் மேல் இரவில் குனியும் உருவம் ‘குடும்பச் சித்திரங்கள்’. இரண்டு கதைகளும் ஒரு பக்கத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்திருக்கின்றன. அதோடு நிற்கவில்லை. வம்சத்தைத் தோற்றுவித்தவனின் பாவம் வீட்டின் இளையவர்களைக் கொல்கிறது என்பது ஆப்பெலின் கரு. மேரியிடம் முதலில் கொல்லப்படுவது விக்டரின் தம்பி, சிறுவன் வில்லியம், அவன் கழுத்தில் தொங்குவது ஒரு குடும்பச் சித்திரம். மணநாள் இரவில் எலிசபெத் சாகிறாள். பேயை மட்டும் மேரி எடுத்துவிட்டார். அந்த இடத்தில் மனிதன் செய்த ஒன்றை வைத்தார். செத்தவர் எழுந்து வருவதற்குச் சாபம் தேவையில்லை, ஒரு மாணவனும் ஒரு கூடமும் போதும் என்றானதும் பழைய கதைகளின் நிறமே மாறிவிட்டது.

பைரன் தன் கதையைச் சில பக்கங்களில் கைவிட்டு, 1819-இல் ‘மசெப்பா’வின் பின்னால் துண்டாக அச்சிட்டார். அந்தத் துண்டை வைத்து பாலிடோரி எழுதிய, ரூத்வன் பிரபுவின் கதையான ‘வாம்பயர்’ அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு லண்டன் பத்திரிகையில் பைரன் பெயரிலேயே வெளியாகிவிட்டது; எழுதியது நான்தான் என்று பாலிடோரி தலையால் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. ஃபிராங்கன்ஸ்டைனும் 1818-இல் பெயரில்லாமல்தான் வந்தது. மதிப்புரை எழுதிய வால்டர் ஸ்காட் அதை ஷெல்லியின் படைப்பு என்று எடுத்துக்கொண்டார். திகில் தொகுப்புகளுக்குப் பெயர் விஷயத்தில் எப்போதுமே இப்படி ஒரு ராசி. 1959-இல் ஹெர்பர்ட் வான் தால் தொகுத்து, பிறகு முப்பது தொகுதிகள்வரை ஓடிய ‘பான் திகில் கதைகள்’ வரிசையின் முதல் புத்தகத்தைப் பாருங்கள். மியூரியல் ஸ்பார்க்கும் பிராம் ஸ்டோக்கரும் இருக்கும் அதே பட்டியலில் ஹேசல் ஹீல்ட் பெயரில் ஒரு கதை. உண்மையில் அது லவ்கிராஃப்ட் எழுதிக்கொடுத்தது. ஃபிளேவியா ரிச்சர்ட்சன் என்ற பெயருக்குப் பின்னால் இருப்பவர் கிறிஸ்டின் காம்ப்பெல் தாம்சன், 1925-இல் ‘நாட் அட் நைட்’ தொகுப்பு வரிசையைத் தொடங்கியவர். அவருக்குக் கணவராக இருந்த ஆஸ்கர் குக்கின் கதையும் அதே புத்தகத்தில் உண்டு. இலக்கியத் தரத்தில் மலையும் மடுவும் அருகருகே கிடக்கும் இந்தப் புத்தகமும் விற்றுத் தீர்ந்தது. எய்ரியேயின் கலவைதான் அங்கும்.

தமிழுக்கும் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி வந்திருக்கிறது. மேரி ஷெல்லியின் நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழில் தந்தவர் புதுமைப்பித்தன். பேய் உண்டா இல்லையா என்று கடைசிவரை பிடிகொடுக்காத ‘காஞ்சனை’யை எழுதியவரும் அவர்தானே.

ஆங்கில வாசகர்களுக்கு எய்ரியேயின் புத்தகம் முதலில் போய்ச்சேர்ந்தது 1813-இல், ‘இறந்தோர் கதைகள்’ என்ற பெயரில். மொழிபெயர்த்தவர் சாரா எலிசபெத் அட்டர்சன், பழம்பொருள் ஆய்வாளர் ஒருவரின் மனைவி. அவரும் பெயர் போடவில்லை. எட்டில் ஐந்தைத்தான் எடுத்தார். முசேயுஸின் கதையில் காதல் பகுதியைப் பெருமளவு கத்தரித்துவிட்டு நாவிதப் பேயைப் பிடித்துக்கொண்டு, அதைப் புத்தகத்தின் கடைசிக்குத் தள்ளினார். இரண்டு அறைகளையும் மற்றொரு கதையையும் கழித்துக்கட்டி, தோழி ஒருவர் சொன்ன சம்பவத்தை வைத்துத் தானே எழுதிய ‘புயல்’ கதையைச் சேர்த்துக்கொண்டார். டியோடாட்டியில் என்ன படித்தார்கள் என்று அறிய விரும்பிய ஆங்கிலேயர்கள் நெடுங்காலம் புரட்டியது இந்தக் குறைப் பதிப்பைத்தான். அவர் விட்டது வெறும் பக்கங்களை மட்டுமல்ல. க்ளாவுரனுக்கும் ஆப்பெலுக்கும் நடந்த வழக்கு போயிற்று. சிரிப்பில் தொடங்கி நையாண்டியில் முடியும் வரிசையும் போயிற்று. மிஞ்சியது ஓரளவு ஒரே சுருதியில் பயமுறுத்தும் ஆறு கதைகள். அதை மட்டும் படித்துவிட்டு, இந்தக் கதைகளா அவர்களை எழுதவைத்தன என்று உதட்டைப் பிதுக்கிய விமர்சகர்களைக் குறைசொல்ல முடியாது.

ஆப்பெல் 1816 ஆகஸ்ட் 9 அன்று லைப்சிக்கில் இறந்தார். தன் கதையை ஜெனீவாவில் சிலர் உரக்கப் படித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. லாவுன் 1849 வரை இருந்து எழுதிக்கொண்டே போனார். இன்று எட்டுக் கதைகளையும் தேடிப் படிக்க முனைபவர்கள் எய்ரியே வைத்த வரிசையிலேயே படிப்பது நல்லது. நாவிதப் பேயை விளையாட்டு என்று தாண்ட வேண்டாம், கறுப்பு அறையை முன்னால் புரட்டிப் பார்க்கவும் வேண்டாம்.